சின்ன போர்டில் மாடல் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ராஸ்பெரி பை, ஜெட்சன், ஈஎஸ்பி32 என்று எந்தச் சின்ன போர்டாக இருந்தாலும், லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஏஐ மாடல் (படத்தையோ ஒலியையோ வாங்கி விடை சொல்லும், பயிற்சி கொடுத்த நிரல்) அங்கே போய்ச் சண்டித்தனம் செய்தால் முதலில் எல்லோரும் மாடலைத்தான் நோண்டுகிறார்கள். மறுபடி ட்ரெயின் செய்கிறார்கள், வேறு மாடல் தேடுகிறார்கள், லேயரைக் குறைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறுகள் மாடலுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் நான் தேடும் வரிசையே வேறு: முதலில் மின்சாரம், அப்புறம் சூடு, அப்புறம் மெமரி, அதன் பிறகு மாடலுக்குள் போகும் தரவு. மாடல் கடைசியில்தான்.

தேடத் தொடங்கும் முன் இரண்டு காரியம் செய்துவைத்தால் பாதி வேலை குறையும். ஒன்று, லேப்டாப்பில் மாடலுக்குள் நுழையும் எண்களை, அதாவது ரீசைஸ் (அளவு மாற்றுவது), நார்மலைஸ் (எண்களை மாடல் கேட்கும் வரம்புக்குக் கொண்டுவருவது) எல்லாம் முடிந்த டென்சரை (எண் அணியை), ஒரு நம்பை (பைத்தானின் எண் நூலகம்) கோப்பாகச் சேமியுங்கள். அதற்கு மாடல் தந்த விடையையும் பக்கத்தில் வையுங்கள். இதைச் சோதனை டென்சர் என்று சொல்லிக்கொள்வோம், கீழே பல இடத்தில் வரும். இரண்டாவது, உங்கள் நிரலில் நான்கு இடத்தில் நேரத்தை அளந்து ஒரே வரியில் அச்சிடச் செய்யுங்கள்: படம் எடுக்க எவ்வளவு, அதைத் தயார்செய்ய எவ்வளவு, மாடல் ஓட எவ்வளவு, விடையைப் பிரித்தெடுக்க எவ்வளவு. "மெதுவாக இருக்கிறது" என்பதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. "தயார்செய்யவே 90 மில்லிசெகண்ட் போகிறது" என்பதை வைத்துச் செய்யலாம்.

மாடல் ஓடத் தொடங்கியதும் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது யூஎஸ்பி கேமரா காணாமல் போகிறது

சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கியதும் விழுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், மின்சாரம்தான். போன் சார்ஜர் போதும் என்று நினைப்பது சகஜம். ஆனால் பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர். பை 5-ஐ 3 ஆம்பியர் சப்ளையில் போட்டாலும் அது ஓடும். ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் விடும். கேமராவும் மாடலை வேகமாக ஓட்டும் துணைச் சிப்பான ஒரு யூஎஸ்பி ஆக்சிலரேட்டரும் சேர்ந்தால் அது பத்தாது, இரண்டில் ஒன்று விழும். கேமரா டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரம் அலைவது இங்கேதான்.

ராஸ்பெரி பையில் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் 'கெட் த்ராட்டில்ட்' கேட்டுப் பாருங்கள். பதினாறடிமான எண் ஒன்று வரும். 0 என்றால் நிம்மதி. 50000 என்றால் போர்டை ஆன் செய்ததிலிருந்து எப்போதோ ஒருமுறை வோல்டேஜ் விழுந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியும் அதே நிலைமை. ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை இந்தக் கொடியைத் தூக்கும். சப்ளை 5 வோல்ட் கொடுத்தாலும் மெல்லிய, நீளமான கேபிளில் அது கரைந்துபோகும். எனவே சார்ஜருக்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஜெட்சன் நானோ டெவலப்பர் கிட் வைத்திருப்பவர்கள் மைக்ரோ யூஎஸ்பியை விட்டுவிட்டு உருண்டை ஜாக்கில் 5 வோல்ட் 4 ஆம்பியர் கொடுங்கள். அதற்கு ஜே48 ஜம்பரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஜாக் வேலை செய்யாது. ஈஎஸ்பி32-ல் இதே கோளாறு 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்ற செய்தியோடு வரும், பெரும்பாலும் வைஃபை பேசத் தொடங்கும் கணத்தில். அந்த டிடெக்டரையே நிரலில் அணைத்துவிடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். வோல்டேஜ் பத்தாத நேரத்தில் ஃப்ளாஷில் எழுதினால் சேமித்ததும் கெட்டுப்போகும். நல்ல கேபிளும், 3.3 வோல்ட் பின்னுக்கு அருகில் நூறு மைக்ரோஃபேரட் அளவில் ஒரு கெப்பாசிட்டரும் போட்டுப் பாருங்கள்.

முதல் சில நிமிடம் வேகம், அப்புறம் சோர்ந்துவிடுகிறது

சூடு. பை 4-ம் பை 5-ம் 80 டிகிரி செல்சியஸ் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85-ல் இன்னும் கடுமையாக இறுக்கும். பை 3 பி பிளஸ் 60 டிகிரியிலேயே முதல் படி இறங்கிவிடும். இதைப் பிடிக்க ஒரே வழி, மாடலை இருபது நிமிடம் விடாமல் ஓட்டி, வெப்பநிலை, கிளாக் வேகம், ஒரு ஓட்டத்துக்கு ஆகும் நேரம் மூன்றையும் சேர்த்து ஒரு கோப்பில் எழுதுவது. பத்து ஃப்ரேம் ஓட்டிப் பார்த்து எடுத்த வேகக் கணக்கு எதற்கும் உதவாது. சோதனையை மேஜை மேல் திறந்து வைத்துச் செய்யாமல், கடைசியில் போர்டு இருக்கப்போகும் மூடிய பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள்.

ஹீட்சிங்க், ஃபேன் எல்லாம் தெரிந்ததுதான். அதைவிட எனக்குப் பிடித்த தீர்வு வேலையைக் குறைப்பது. வாசலில் ஆள் வருகிறாரா என்று பார்க்க நொடிக்கு 30 முறை மாடலை ஓட்ட வேண்டிய அவசியம் என்ன? 5 முறை போதும். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேமுக்கும் இடையில் எதுவும் அசையவில்லை என்றால் அதுகூட வேண்டாம். இன்னொரு வழி, கிளாக் வேகத்துக்கு நாமே ஒரு வரம்பு வைத்துவிடுவது. உச்ச வேகம் குறையும், ஆனால் மதியம் இரண்டு மணிக்கும் நள்ளிரவுக்கும் ஒரே வேகம் கிடைக்கும். கருவி ஒன்றைப் பொருத்திவிட்டு வருபவருக்கு அந்த நிலைத்தன்மைதான் முக்கியம்.

சூடே இல்லாமல் ஜெட்சன் மந்தமாக இருந்தால் பவர் மோடைப் பாருங்கள். நானோ 5 வாட் மோடில் இருந்தால் நான்கு கோர்களில் இரண்டு அணைந்திருக்கும்.

திரையில் 'கில்ட்' என்ற ஒரே சொல், வேறு எந்த விளக்கமும் இல்லை

மெமரி தீர்ந்து, லினக்ஸ் உங்கள் நிரலைக் கொன்றிருக்கிறது. வெளியேறும் எண் 137 என்றால் அது 128 கூட்டல் 9, அதாவது கட்டாய நிறுத்தம். கெர்னல் லாகைத் திறந்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று எழுதியிருக்கும்.

மாடல் கோப்பு 25 எம்பிதானே, 512 எம்பி இருக்கும் பை ஜீரோ 2 டபிள்யூவில் எப்படித் தீரும் என்று தோன்றும். கோப்பின் அளவு வெயிட்டுகள், அதாவது மாடல் கற்றுவைத்த எண்கள், மட்டும். ரெஸ்நெட்-50 என்ற பட மாடலில் சுமார் 2.56 கோடி எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 100 எம்பி, இன்ட்8, அதாவது ஒரு பைட் முழு எண், ஆக்கினால் 25 எம்பி. அதற்கு மேல் லேயர்களுக்கு இடையில் ஓடும் எண்கள், கேமரா பஃபர்கள், பைத்தான், எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ரேம்வொர்க் (டென்சர்ஃப்ளோ, பைடார்ச் போன்ற மாடல் நூலகம்). முழு டென்சர்ஃப்ளோவை இம்போர்ட் செய்தாலே சில நூறு எம்பி போய்விடும். போர்டில் மாடலை ஓட்ட மட்டும்தானே போகிறோம்? டிஎஃப்லைட் ரன்டைம் போதும் (2024-லிருந்து அதற்கு லைட்ஆர்டி என்று பெயர்). ஓஎன்என்எக்ஸ் ரன்டைமும் அதே போல இலேசானது.

ஜெட்சனில் சிபியூவும் ஜிபியூவும் ஒரே ரேமைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதை மறக்கக் கூடாது. டெஸ்க்டாப் திரையை நிறுத்தினாலே நல்ல இடம் கிடைக்கும். ஸ்வாப் (ரேம் பத்தாதபோது கார்டையோ டிஸ்கையோ ரேமாகப் பயன்படுத்துவது) போடலாமா என்றால், ஒரு பேக்கேஜை நிறுவவோ மாடலை மாற்றியமைக்கவோ தற்காலிகமாகப் போடலாம். மாடல் ஓடும்போது ஸ்வாப் தேவைப்பட்டால் அந்த மாடல் அந்த போர்டுக்குப் பெரிது. எஸ்டி கார்டில் ஸ்வாப் போட்டால் வேகமும் சாகும், கார்டும் சாகும்.

'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'

இது சீக்கிரம் முடிகிற விஷயம். நீங்கள் நிறுவிய பைனரி, உங்கள் சிப்புக்குத் தெரியாத கட்டளையைக் கொடுக்கிறது. பழைய பை ஜீரோ ஏஆர்எம்வி6 ரகம், நியான் என்ற வேகக் கட்டளைத் தொகுதி கிடையாது, எனவே ஏஆர்எம்வி7-க்குக் கட்டியது அதில் ஓடாது. இன்டெல்லின் பழைய ஆட்டம், செலரான் சிப் உள்ள மினி கணினிகளில் அதே போன்ற ஏவிஎக்ஸ் இல்லை. டென்சர்ஃப்ளோவின் அதிகாரப்பூர்வ பைனரிகள் 1.6 பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ் கேட்கின்றன. ஜெட்சன் நானோவில் நம்பை 1.19.5-ஐ இம்போர்ட் செய்ததுமே இந்தச் செய்தி வந்தால், ஓப்பன்பிளாஸ் கோர்டைப் என்ற சூழல் மாறிக்கு ஏஆர்எம்வி8 என்று மதிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இதன் தம்பி ஒன்று உண்டு: "64 பிட் போர்டு, ஆனால் 64 பிட் பேக்கேஜ் நிறுவ மறுக்கிறது." பை 4-ல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் கெர்னல் மட்டும் 64 பிட்டாக இருக்கலாம். அப்போது யூநேம் கட்டளை 64 பிட் என்றே சொல்லும். கெட்கான்ஃப் கட்டளையில் லாங் பிட் கேட்டுப் பாருங்கள். 32 என்று வந்தால் ஓஎஸ்ஸை மாற்றுவதுதான் வழி.

பிழை எதுவும் இல்லை, ஓடுகிறது, விடைதான் தப்பு

இதுதான் பெரிய தலைவலி. ஏனென்றால் எந்தச் செய்தியும் வராது, எல்லாம் பச்சையாக இருக்கும்.

சோதனை டென்சரை எடுங்கள். கேமரா, ரீசைஸ் எதுவும் இல்லாமல், அதை நேராக போர்டில் உள்ள மாடலுக்குள் செலுத்துங்கள். லேப்டாப்பில் கிடைத்த விடையும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் மாடல் குற்றமற்றது, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் மாடலை போர்டுக்கான வடிவத்துக்கு மாற்றியமைத்ததில் அல்லது குவாண்டைசேஷனில் (தசம எண்களைச் சின்ன முழு எண்களாக்குவதில்) பிசகு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

மாடல் சரி என்று தெரிந்துவிட்டால், மாடலுக்குள் நுழைவதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் படத்தைக் கோப்பாகச் சேமித்துக் கண்ணால் பாருங்கள். முகம் நீலமாக இருந்தால் ஓப்பன்சிவி என்ற பட நூலகத்தின் வேலை. அது சிவப்பு-பச்சை-நீலம் வரிசையைத் தலைகீழாக, நீலம் முதலில் வைத்துப் படிக்கும். இந்தக் கோளாறில் மாடல் முழுக்கத் தப்பாது, நம்பிக்கை மதிப்பெண் மட்டும் மந்தமாக வரும். அதனால்தான் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிறது. படம் நசுங்கித் தெரிந்தால், ட்ரெயினிங்கில் ஓரங்களில் பட்டை வைத்து விகிதத்தைக் காத்திருப்பார்கள், போர்டில் நேராக இழுத்துச் சதுரமாக்கியிருப்பீர்கள். பொருளைச் சுற்றி மாடல் வரையும் பெட்டிகள் பொருளை விட்டு ஒரே பக்கமாக நகர்ந்து விழுந்தால், அந்தப் பட்டையைக் கழிக்க மறந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதது எண்களின் அளவு. ஒரு மாடல் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும், இன்னொன்று 0 முதல் 1, மற்றொன்று -1 முதல் 1. எந்தப் படம் காட்டினாலும் ஒரே வகையைச் சொல்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். இன்ட்8 உள்ளீடு கேட்கும் மாடலில் இது இன்னும் மோசமாக வெளிப்படும். 0-விலிருந்து 1 வரையுள்ள தசம எண்களை அப்படியே இன்ட்8 ஆக்கினால் எல்லாமே 0, அபூர்வமாக ஒரு 1. மாடல் ஒரே நிறமான வெற்றுப் படத்தைத்தான் பார்க்கும். சரியான வழி, மாடல் கோப்பிலேயே எழுதியிருக்கும் ஸ்கேல், ஜீரோ பாயின்ட் இரண்டையும் படித்து, தசம எண்ணை ஸ்கேலால் வகுத்து, ஜீரோ பாயின்ட்டைக் கூட்டி, முழு எண்ணாக்குவது. ஸ்கேல் 255-ல் ஒன்று, ஜீரோ பாயின்ட் -128 என்று இருந்தால் வேலை இன்னும் சுலபம்: கேமரா தரும் பிக்சலிலிருந்து 128-ஐக் கழித்தால் போதும்.

ஒலி மாடல்களில் இதற்குச் சமமானது சாம்பிள் வேகம். பேச்சு மாடல்கள் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் கேட்கும். பல யூஎஸ்பி மைக்குகள் 44,100 அல்லது 48,000 மட்டுமே தரும். மாற்றாமல் கொடுத்தால் குரல் இழுத்து நீட்டிய மாதிரி மாடலுக்குக் கேட்கும். அப்புறம் மெல் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது ஒலியை நேரம், அதிர்வெண் என்று பிரித்த எண் அணி. ட்ரெயினிங்கில் ஒரு பைத்தான் நூலகம் கணக்கிட்டதை போர்டில் வேறொரு சி நிரல் கணக்கிடும். சாளர நீளம், நகர்வு, லாக் எடுக்கும் முறை மூன்றில் ஒன்று மாறினாலும் விடை சாயும். ஒரே ஒலிக்கோப்பை இரண்டிலும் செலுத்தி, வரும் அணிகளை எண்ணுக்கு எண் கழித்துப் பாருங்கள்.

இனி சோதனை டென்சரே தப்பாக வந்த வழக்கு. தசம எண்களில் ஓடும் அசல் மாடலை முதலில் மாற்றியமைத்து, குவாண்டைஸ் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். அதுவும் தப்பென்றால் டென்சரின் அச்சுகள் (உயரம், அகலம், சேனல்) நிற்கும் வரிசை போன்ற மாற்றப் பிழை: பைடார்ச் சேனலை முன்னால் வைக்கும், டென்சர்ஃப்ளோ பின்னால் வைக்கும். அது சரி, இன்ட்8 மட்டும் தப்பு என்றால், ஸ்கேலைத் தீர்மானிக்கும் அளவீட்டுக்குக் கொடுத்த மாதிரிப் படங்களைச் சந்தேகியுங்கள். சில நூறு படங்கள் போதும், ஆனால் அவை நிஜத்தில் வரும் படங்களைப் போல இருக்க வேண்டும். பகல் படங்களை மட்டும் கொடுத்துவிட்டு இரவில் தடுமாறுகிறதே என்றால் அதற்கு என்ன செய்ய முடியும்? இன்னொன்று, அந்தப் படங்களும் அதே நார்மலைஸ் வழியாகப் போயிருக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் நிறைய.

பொருட்களைப் பெட்டியிட்டுக் காட்டும் யோலோ வகை மாடல்களில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. இன்ட்8 ஆக்கியதும் பெட்டிகள் வருகின்றன, மதிப்பெண்கள் எல்லாம் பூஜ்யம். காரணம் இதுதான்: சில ஏற்றுமதி முறைகள் பெட்டியின் இடத்தையும் வகை மதிப்பெண்ணையும் ஒரே வெளியீட்டு டென்சரில் ஒட்டிவிடுகின்றன. ஒரு டென்சருக்கு ஒரே ஸ்கேல். இடம் 0 முதல் 640 வரை, மதிப்பெண் 0 முதல் 1 வரை. 256 படிகளில் 640-ஐ அடக்கினால் ஒரு படி ஏறக்குறைய 2.5. அந்த அளவுகோலில் 0.9-க்கு இடமே இல்லை, 0 ஆகிவிடும். பெட்டி இடங்களை 0 முதல் 1 வரைக்கு மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனி வெளியீடாகப் பிரியுங்கள், அல்லது கடைசி லேயர்களைத் தசமத்திலேயே விடுங்கள். மறுபடி ட்ரெயின் செய்வதால் இது ஒருநாளும் தீராது.

சில மாடல் அமைப்புகளே இன்ட்8-க்கு ஒத்துவராதவை. ஸ்விஷ், ஸ்க்வீஸ்-எக்சைட் என்ற லேயர் வகைகள் உள்ளவை குவாண்டைசேஷனில் தடுமாறும். எஃபிஷியன்ட்நெட்-லைட்டில் ஸ்க்வீஸ்-எக்சைட்டைக் கழற்றிவிட்டு, ஸ்விஷ் இருந்த இடத்தில் ரெலு6 வைத்தது இதற்காகத்தான். எஃப்பி16-ல் (16 பிட் தசம எண்) விடை 'நான்' என்று, அதாவது எண்ணே அல்ல என்று வந்தால், நடுவில் ஏதோ ஒரு எண் 65,504-ஐத் தாண்டியிருக்கிறது. எஃப்பி16 பிடிக்கும் உச்சம் அதுதான். அந்த லேயரை மட்டும் எஃப்பி32-ல் ஓட்டச் சொல்லலாம்.

எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, இருந்தும் நிஜத்தில் தப்பு என்றால், போர்டின் கேமரா எடுத்த படத்தை லேப்டாப்பில் உள்ள அசல் மாடலுக்கே கொடுங்கள். அதுவும் தப்பினால் போர்டுக்கு இதில் பங்கே இல்லை. கூரை உயரத்திலிருந்து அகல லென்ஸ் பார்க்கும் கோணத்தை மாடல் ஒருபோதும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அந்தக் கேமராவிலிருந்தே சில நூறு படம் சேகரித்து ட்யூன் செய்யுங்கள். மறுபடி ட்ரெயின் செய்வதற்கான நியாயமான இடம் இது.

ஆரம்பத்திலிருந்தே மெதுவாகத்தான் ஓடுகிறது

நேரக் கணக்கு வரியைப் பாருங்கள். மாடலுக்கு ஆகும் நேரம் சின்னது, மற்றவை பெரிது என்றால் மாடலைச் சுருக்குவதால் பயனில்லை. விடையைப் பிரிக்கும் பகுதி நேரத்தைத் தின்றால், பெட்டிகளை மதிப்பெண் வைத்து வடிகட்டும் வரம்பை யாரோ 0.001 என்று வைத்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பைத்தான் லூப் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்த வரம்பு மாடலின் துல்லியத்தை அளப்பதற்கானது. வேலையில் 0.25 அளவில் வைத்தால் போதும்.

மாடலே நேரத்தைத் தின்கிறது என்றால் த்ரெட் (ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓடும் வேலை இழை) எண்ணிக்கையைப் பாருங்கள். டிஎஃப்லைட்டில் நாம் சொல்லாவிட்டால் ஒரே த்ரெட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். நான்கு கோர் உள்ள போர்டில் 4 கொடுங்கள், 8 கொடுத்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இன்னும் மெதுவாகும். பட அளவை 640-லிருந்து 320 ஆக்கினால் கணக்கு கால்பங்காகும். சின்னப் பொருட்கள் தவறும், ஆனால் அருகில் நிற்கும் ஆளைப் பிடிக்க 640 எதற்கு?

"இன்ட்8 ஆக்கியும் எதிர்பார்த்த வேகம் இல்லையே" என்று பை 4-காரர்கள் கேட்பது வழக்கம். அதில் உள்ள கார்டெக்ஸ் ஏ72-க்கு இன்ட்8 எண்களை ஒரே அடியில் பெருக்கிக் கூட்டும் டாட் ப்ராடக்ட் கட்டளைகள் கிடையாது. பை 5-ல் உள்ள ஏ76-க்கு உண்டு. ஒரே கோப்பு இரண்டிலும் வேறு விதமாக நடந்துகொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக்சிலரேட்டர் போட்டும் வேகம் கூடவில்லையா? கோரல் எட்ஜ் டிபியூவின் கம்பைலர், தனக்குத் தெரியாத முதல் ஆபரேஷனைச் சந்தித்ததும் கோடு போட்டுவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சிபியூவில்தான், அவற்றில் தெரிந்தவை இருந்தாலும். கம்பைல் செய்யும்போது எத்தனை ஆபரேஷன் எங்கே போயிற்று என்று அதுவே பட்டியல் தரும், படியுங்கள். நடுவில் ஒரே ஒரு வேண்டாத லேயர் நின்றால் பாதி மாடல் சிபியூவுக்குப் போய்விடும். சிப்புக்குள் இருக்கும் நினைவகமும் ஏறத்தாழ 8 எம்பிதான். மாடல் அதைவிடப் பெரிதானால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மீதி வெயிட்டுகள் யூஎஸ்பி வழியாக வந்து போகும். அப்போது அதை யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருந்தால் வேகத்தை மறந்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் மட்டும் மெதுவானால் அது கோளாறே இல்லை, மெமரி ஒதுக்குவதும் மாடலை ஏற்றுவதும் அங்கே நடக்கின்றன. சும்மா ஒருமுறை ஓட்டிவிட்டு அப்புறம் அளக்கத் தொடங்குங்கள். ஜெட்சனில் டென்சர்ஆர்டி (மாடலை அதன் ஜிபியூவுக்கேற்ற எஞ்சினாகக் கட்டும் கருவி) ஒவ்வொரு முறையும் பல நிமிடம் எடுத்தால், கட்டிய எஞ்சினைக் கோப்பாகச் சேமிக்கவில்லை என்று பொருள். அந்தக் கோப்பை வேறு ஜிபியூவுக்கோ வேறு பதிப்புக்கோ எடுத்துப்போனால் பொதுவாக ஓடாது, அங்கேயே புதிதாகக் கட்ட வேண்டும்.

கணக்குப்படி வேகம்தான், ஆனால் திரையில் சில நொடி பழைய காட்சி

மாடல் நொடிக்கு 8 ஃப்ரேம் பார்க்கிறது, கேமரா 30 அனுப்புகிறது. மீதி எங்கே போகும்? பஃபரில் வரிசையாக நிற்கும். நெட்வொர்க் கேமராவில் இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். தீர்வு எளிது: கேமராவைப் படிக்க ஒரு தனி த்ரெட், அது எப்போதும் கடைசி ஃப்ரேமை மட்டும் வைத்திருக்கட்டும், பழையதைத் தூக்கிப் போடட்டும். மாடல் தயாரானதும் அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

யூஎஸ்பி கேமரா 720பி-யில் நொடிக்கு 10 ஃப்ரேமுக்கு மேல் தர மறுத்தால் வடிவத்தைப் பாருங்கள். சுருக்காத ஒய்யூஒய்வி-யில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 1280 பெருக்கல் 720 பெருக்கல் 2, ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 1.84 எம்பி, நொடிக்கு 30 என்றால் 55 எம்பி. யூஎஸ்பி 2-ன் ஏட்டளவு உச்சமே 60 எம்பி, நிஜத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு. சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக்குக்கு மாற்றினால் 30 வரும். அதைப் பிரித்தெடுக்கச் சிபியூ கொஞ்சம் செலவாகும், பரவாயில்லை.

மைக்ரோகன்ட்ரோலரில் 'அலோகேட் டென்சர்ஸ்' தோற்கிறது

டென்சர் அரீனா, அதாவது மாடல் ஓடும்போது எண்களை வைக்க ஒதுக்கிய ரேம் பகுதி, பத்தவில்லை. ஊகித்து ஊகித்து எண்ணைக் கூட்டாமல், முடிந்த அளவு பெரிய அரீனா கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள், உண்மையில் எவ்வளவு பைட் பயன்பட்டது என்று மாடலை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரிடமே கேளுங்கள், அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுக் குறையுங்கள். அரீனாவின் அளவைத் தீர்மானிப்பது வெயிட்டுகள் இல்லை, ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டிய லேயர் வெளியீடுகள். 48 பெருக்கல் 48 அளவில் 16 சேனல் வெளியீடு ஒன்றே 36,864 பைட். எனவே முன் லேயர்களில் அகலத்தைக் குறைத்தால்தான் ரேம் மிச்சமாகும், கடைசி லேயரை வெட்டினால் ஃப்ளாஷ்தான் மிச்சமாகும்.

ஆர்டுயினோ நானோ 33 பிஎல்இ சென்சில் மொத்த ரேமே 256 கேபி. மாடல் அணியை 'கான்ஸ்ட்' என்று அறிவிக்க மறந்தால் அது ஃப்ளாஷிலிருந்து ரேமுக்குக் குடிபெயர்ந்துவிடும், அப்புறம் எதற்கும் இடமிருக்காது. அரீனாவை ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறியாக வைத்தால் ஸ்டாக் வெடிக்கும், ஸ்டாட்டிக்காக வையுங்கள். 16 பைட் எல்லையில் அது தொடங்கட்டும். ஆபரேஷன் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், ரிசால்வரில் (மாடலுக்கு வேண்டிய ஆபரேஷன்களை நிரலில் பட்டியலிடும் இடம்) அதைச் சேர்க்க விட்டுப்போயிருக்கிறது. சேர்க்கும்போது எண்ணிக்கை வரம்பையும் கூட்டுங்கள்.

ஈஎஸ்பி32-ல் வெளி பிஎஸ்ரேம் (உள் ரேமுக்கு மேல் கூடுதலாக வரும் ரேம்) இருந்தால் அரீனாவை அங்கே தள்ள ஆசை வரும். ஓடும், ஆனால் உள் ரேமை விட மெதுவாக. கேமரா பஃபரை வெளியே அனுப்பிவிட்டு அரீனாவை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மாடல் பல நொடி எடுத்து, டாஸ்க் வாட்ச்டாக் (நிரல் தொங்கிவிட்டதா என்று பார்க்கும் காவல்) கத்தினால், அந்தக் கோரில் ஐடில் டாஸ்க்குக்கு மூச்சுவிட நேரமில்லை என்று பொருள். இன்னொரு கோருக்கு மாற்றுங்கள், அல்லது ஓட்டங்களுக்கு நடுவே சிறிது டிலே கொடுங்கள்.

நாட்கணக்கில் ஓடிவிட்டு ஒரு நாள் நின்றுவிடுகிறது

நிரல் பிடித்திருக்கும் மெமரியை மணிக்கொரு முறை எழுதிவையுங்கள். கோடு மெல்ல ஏறிக்கொண்டே போனால் கசிவு: லூப்புக்குள் இன்டர்ப்ரெட்டரை மறுபடி மறுபடி உருவாக்குவது, அல்லது நெட் இல்லாதபோது அனுப்ப வேண்டியவற்றை வரம்பில்லாத க்யூவில் சேர்த்துக்கொண்டே போவது. க்யூவுக்கு உச்ச அளவு வையுங்கள். கோடு தட்டையாக இருந்தும் நிரல் சும்மா நிற்கிறது என்றால் கேமரா ஒருமுறை துண்டித்து வந்திருக்கும், படிப்பது தோற்றால் மறுபடி திறக்கும்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

போர்டே எழவில்லை என்றால் எஸ்டி கார்டு. ஓயாமல் லாக் எழுதுவதும், எழுதும்போது கரன்ட் போவதும் அதற்கு எமன். லாகை ரேமில் வையுங்கள், ரூட் பகுதியை ஓவர்லே முறையில் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். லினக்ஸில் நிரல்களைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியில் 'ரீஸ்டார்ட் ஆல்வேஸ்' போடுவதோடு ஹார்டுவேர் வாட்ச்டாக்கையும் இயக்குங்கள். பையில் அதன் உச்ச வரம்பு சுமார் 15 நொடி, அதற்கு மேல் கேட்டால் ஏற்காது.

பை 4 வரை போர்டில் கடிகாரச் சிப் கிடையாது. ஆன் ஆனதும் பழைய நேரத்தைக் காட்டி, நெட் கிடைத்ததும் தாவும். உங்கள் "10 நொடிக்கு ஒருமுறை" கணக்கு அந்தத் தாவலில் குழம்பிவிடும். இடைவெளிகளை மோனோடோனிக் கடிகாரத்தில் (தாவாமல் முன்னோக்கி மட்டுமே ஓடுவது) அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரி கணக்குப் போட்டதைவிட வேகமாகத் தீர்கிறது

பெரும்பாலும் திருடன் மாடல் இல்லை, தூக்கம். ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 2 நொடி விழித்து 240 மில்லிஆம்பியர் எடுக்கிறது, மற்ற நேரம் 0.1 மில்லிஆம்பியர். சராசரி 8.1. 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 10 நாள் வரும். அதே வேலை, ஆனால் தூக்கத்தில் 10 மில்லிஆம்பியர் என்றால் சராசரி 17.7 ஆகி ஐந்து நாளைக்குக்கூட வராது. ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் டெவலப்மென்ட் போர்டில் ஒட்டியிருக்கும் ரெகுலேட்டரும், யூஎஸ்பி சிப்பும், எரிந்துகொண்டே இருக்கும் அந்தச் சின்ன எல்இடியும் தூங்குவதில்லை. தூக்கத்துக்காகவே வடிவமைத்த போர்டுக்கு மாறுங்கள்.

அடுத்த திருடன் வைஃபை. ஒவ்வொரு விடையையும் அனுப்பாமல், ஏதாவது மாறினால் மட்டும் அனுப்புங்கள். போர்டிலேயே மாடல் ஓட்டுவதன் லாபமே அதுதான். மாடலையும் சும்மா எழுப்பாமல், அசைவு உணரி ஒன்று எழுப்பட்டும். ராஸ்பெரி பையைப் பொறுத்தவரை இந்த வித்தை செல்லாது. பை 4-ல் லேப்டாப் போலத் தூங்கி எழும் வசதி இல்லை, ஒவ்வொரு முறையும் முழுதாகப் பூட் ஆக வேண்டும். பேட்டரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் காவல் இருந்து, தேவைப்படும்போது பைக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் அமைப்பு சரிவரும்.

அளக்கும்போது ஒன்று: சாதாரண மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் ரேஞ்சில் தொடராகப் போட்டால் அதற்குள்ளேயே வோல்டேஜ் கொஞ்சம் விழும். வைஃபை உச்சத்தில் போர்டு ரீஸ்டார்ட் ஆகி, அளவும் தப்பாகும். இதற்கென்றே வரும் பவர் ப்ரொஃபைலர் கருவி ஒன்றைக் கடன் வாங்கியாவது, விழிப்பு, ஒளிபரப்பு, தூக்கம் மூன்றையும் தனித்தனியாக அளந்துவிட்டு அப்புறம் பேட்டரி வாங்குங்கள்.